பிலோமினா டீச்சர் நடத்திய என் பாடம்

புவியியல் டீச்சர் என்று சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "இன்னிக்கு மழை வருமா டீச்சர்?" என்று கேட்பார். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இது நடந்திருக்கும். கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறார்கள், ரேஷன் கடையில் கேட்டிருக்கிறார்கள், பிரசவ வார்டில் வலியோடு படுத்திருந்தபோதுகூட ஒரு நர்சம்மா கேட்டார். மலையையும் மழையையும் மட்டும் அல்ல, மனிதர்களையும் நாம் பாடமாக நடத்துகிறோம் என்பது வெளியே யாருக்கும் தெரியாது.

பன்னிரண்டாம் வகுப்பில் மனிதப் புவியியல் வருகிறது. மனிதர்கள் ஓர் இடத்தை எப்படி உருவாக்குகிறார்கள், அந்த இடம் அவர்களைத் திரும்ப எப்படி உருவாக்குகிறது என்பதுதான் அதன் சாரம். எனக்கு உயிரான பாடம். என் வாழ்க்கையிலேயே அதிகமான வயிற்றெரிச்சலும் அந்தப் பாடத்தால்தான் வந்தது. ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலியைப் பார்த்து எப்போதாவது பெருமூச்சு விட்டிருப்பீர்களானால், உங்களுக்கு இது புரியும்.

அடுத்த பாடம்

நான் கள்ளக்குறிச்சிக்காரி. வேலை மலைமேல், கரியாலூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில். காலையில் பஸ் ஏறிக் கல்வராயன் மலைக்குப் போய், சாயங்காலம் நாலு மணி பஸ்ஸைப் பிடித்து இறங்கிவிடுவேன். பையன் பிறந்து நான் லீவில் இருந்தபோது என் வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள ஆள் போடவில்லை. ஹெச்.எம். சுற்றும் முற்றும் பார்த்து, வரலாற்று ஆசிரியை பிலோமினாவிடம், "கொஞ்ச நாளைக்குப் பூகோளத்தையும் சேர்த்துப் பார்த்துக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டார். பிலோமினாவுக்குச் சங்கராபுரம் பக்கம் ஒரு கிராமம். அப்பா அம்மா கூலி வேலை செய்து அவரைப் படிக்கவைத்தார்கள். மலையிலேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தார்.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்ன பாடுபடுகிறார்களோ என்று நினைத்து, லீவு முடிவதற்கு முன்பே நான் வேலைக்குத் திரும்பினேன். மனிதப் புவியியல் முதல் வகுப்பு எப்போதுமே என் கச்சேரி மாதிரி. "நம்ம ஸ்கூல் வாசல்ல இருக்கற கடைத்தெருவ யார் உண்டாக்கினது?" என்று கேட்பேன். கவர்மெண்ட் என்பார்கள், சாமி என்பார்கள், ஒருத்தன் பழைய ராஜா என்பான். எல்லாரையும் பேசவிட்டு, கடைசியில் நான் முடிச்சை அவிழ்ப்பேன். அன்றைக்கும் கேட்டேன். வகுப்பு முழுவதும் ஒரே குரலில், "பஸ்சு டீச்சர்" என்றது.

அலமேலு என்ற பெண் எழுந்து விளக்கமும் சொன்னாள். "பஸ்சு திரும்பறதுக்கு மேட்ட வெட்டி சமம் பண்ணாங்க டீச்சர். பஸ்சு நிக்கவே டீக்கடை வந்துது. டீக்கடை இருக்கவே மரவள்ளி லாரியும் அங்கியே நின்னுது. லாரி நிக்கவே எடைபோடறவரு கடை போட்டாரு. அதுக்கு அப்பறம்தான் சலூனு, செல்போன் கடைல்லாம். எடத்த ஒருத்தரு செய்யறதில்ல, ஒருத்தர பாத்து ஒருத்தரு வந்து செய்யறது." நான் கடைசியில் சொல்ல வைத்திருந்த வாக்கியமே அதுதான். இவ்வளவு எளிதாக நான் அதைச் சொன்னதில்லை. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அலமேலு அன்பாகத்தான் சொன்னாள்: "இதெல்லாம் பிலோமினா டீச்சர் போன மாசமே முடிச்சிட்டாங்க டீச்சர், நீங்க அடுத்த பாடத்துக்குப் போயிடுங்க."

கிரவுண்டில் ஒரு கோடு

எங்கள் பள்ளி கேட்டிலிருந்து வகுப்பறைக்குச் சிமெண்டு நடைபாதை ஒன்று உண்டு. மைதானத்தைச் சுற்றி, கொடிக்கம்பத்துக்கு மரியாதை காட்டி வளைந்து வரும். பிள்ளைகள் யாரும் அதில் நடப்பதில்லை. கேட்டிலிருந்து குறுக்கே மைதானத்தில் இறங்கி, தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நேராக வருவார்கள். நடந்து நடந்து அங்கே புல் செத்து, சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. நானும் தினமும் அதில்தான் நடப்பேன், செருப்பில் மண் ஒட்டுகிறதே என்று திட்டிக்கொண்டே.

ஒருநாள் வராண்டாவில் வரும்போது பார்க்கிறேன், பிலோமினா ஒன்பதாம் வகுப்பை அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் நிற்கவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். "சிமெண்டு பாதைய போட்டது ஆபீசு. இந்தப் பாதைய போட்டது யாரு? ஒங்க காலுதான். பெரிய பெரிய ராஜபாட்டைகூட மொதல்ல இப்டித்தான் ஆரம்பிச்சிது." பிள்ளைகள் குனிந்து தங்கள் கால்களையே புதிதாகப் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அவர் நடத்தியது வரலாறுதான், நான் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாதை புவியியல். என் காலும் சேர்ந்து போட்ட பாதை. இத்தனை வருஷம் அதில் நடந்தும் என் கண்ணில் படாதது, அவர் கண்ணில் எப்படிப் பட்டது? அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே பிடிக்கவில்லை.

இதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் தந்தவர் ஹெச்.எம்.தான். ஆய்வுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று அந்தக் கோட்டை மறித்து முள்கம்பி கட்டச் சொன்னார். அடுத்த வாரமே கம்பிக்கு இந்தப் பக்கம் இன்னொரு கோடு விழ ஆரம்பித்தது. பிள்ளைகள் எங்கள் இரண்டு பேரையும் தேடிவந்து, "பாதை நவுந்துடுச்சு டீச்சர்" என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். பிலோமினா சிரித்தார், என்னை அறியாமல் நானும் சிரித்தேன். பின்னால் நின்றுகொண்டிருந்த ஹெச்.எம். சொன்னார்: "பாடத்த பாடப் புத்தகத்துக்குள்ள வச்சி நடத்துங்கம்மா ரெண்டு பேரும், என் கிரவுண்டுல வேணாம்."

உலகளந்தவர் ஊர்

பொறாமை மனிதர்களுக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம், ஊர்களுக்கும் உண்டு. என் புகுந்த வீடு திருக்கோவிலூர். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன நாளிலிருந்து என் மாமனார் என்னிடம் நேராகப் பேசுவது குறைந்துவிட்டது, ஏதோ நான்தான் மனு கொடுத்து மாவட்டத்தை வாங்கியதுபோல. அவர் தென்பெண்ணை ஆற்றைப் பார்த்து வளர்ந்தவர், ஓய்வுபெற்ற தபால்காரர். ஊரில் எந்த வீட்டில் யார் இருந்தார், யார் விற்றார், யார் இடித்துக் கட்டினார் எல்லாம் அவருக்குத் தெரியும். பழைய ஊருக்கு இருக்கிற மரியாதை புது ஆபீசுகளுக்குப் போய்விட்டதே என்பது அவருடைய தீராத வருத்தம்.

தீபாவளிக்குப் போனபோது என் வீட்டுக்காரர் சும்மா இராமல், "கள்ளக்குறிச்சில எங்க பாத்தாலும் புது வீடுப்பா, ஊரு எங்கியோ போய்க்கினு இருக்குது" என்று சொல்லிவைத்தார். நான் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு ஆபீஸ் வந்தால் அதைச் சுற்றி ஜெராக்ஸ் கடை வரும், மெஸ் வரும், வாடகை வீடு வரும், ஒரு நகரம் அப்படித்தான் வளரும் என்று மெதுவாகச் சொல்லவும் செய்தேன். பிலோமினா பேசினால் எல்லாரும் வாயைப் பிளந்து கேட்பார்கள், நம் பேச்சுக்கும் அப்படி ஒரு மயக்கம் இருக்காதா என்று ஆசை. மாமனார் இலையில் கையை உதறிவிட்டுச் சொன்னார்: "எங்கூர்ல பெருமாளு ஒரே அடியில ஒலகத்த அளந்தாரும்மா, ஒங்கூர்ல சர்வேயரு டேப்பு புடிச்சி பிளாட்டு அளக்கறாரு, ரெண்டும் ஒண்ணா?"

டவர் பாறை

ஐப்பசி மழையில் மலைப்பாதையில் ஒரு பெரிய மரம் விழுந்துவிட்டது. நாலு மணி பஸ் மேலே வரவேயில்லை. டீக்கடைக்காரர், "இனிமே காலையிலதாங்க" என்று சொல்லிவிட்டார். வீட்டில் பையன் என் அம்மாவிடம் இருந்தான். சாயங்காலம் நான் போய்த்தான் பால் கொடுக்கவேண்டும். நெஞ்சு கனத்துக் கட்டிக்கொண்டு வலிக்க ஆரம்பித்திருந்தது. போனை எடுத்துப் பார்த்தால் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. பிலோமினா குடையோடு வந்து, "மொதல்ல வூட்டுக்குச் சொல்லிட்டு வந்துடலாம், வாங்க" என்று என்னைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மேட்டில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார்.

மேலே ஒரு பெரிய பாறை. சாதாரணப் பாறைதான், ஆனால் அதன்மேல் திருவிழாக் கூட்டம் மாதிரி ஆட்கள். ஏறுவதற்கு வசதியாக யாரோ படி செதுக்கியிருந்தார்கள். நாலு மூங்கில் நட்டு மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. ஓரத்தில் ஒரு அம்மா அடுப்பு வைத்துப் போண்டா போட்டுக்கொண்டிருந்தார். எல்லார் காதிலும் போன். கேரளாவில் மிளகு பறிக்கப் போனவர்கள், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள், கர்நாடகாவில் காப்பித் தோட்டத்துக்குப் போனவர்கள் எல்லாரோடும் இந்தப் பாறையிலிருந்துதான் பேச்சு. "சாப்டியா, இன்னா சாப்ட்ட?" என்று ஒருத்தி. "மழை ஜாஸ்தி, ஆடு பத்திரமா கீது" என்று ஒருத்தர். "டவர் பாறைன்னு பேரு. சிக்னல் இங்க மட்டுந்தான்" என்றார் பிலோமினா. எனக்கு லைன் கிடைத்தது. வீட்டுக்காரர் போனைப் பையன் காதில் வைத்தார். அவன் பேசவில்லை, மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வந்தது. அதைக் கேட்டதும் என் ஜாக்கெட் முழுவதும் நனைந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில் நான் அப்படியே உறைந்து நின்றேன். பிலோமினா தன் துண்டை எடுத்து என் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டு, நான் பேசி முடிக்கிறவரை எனக்கு முன்னால் மறைத்து நின்றுகொண்டார்.

அவர் ரூமுக்குப் போனோம். போகிற வழியெல்லாம் ஆட்கள் அவரை நிறுத்திப் பேசினார்கள். ரூமை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா சாமைச் சோறும் புளிக்குழம்பும் கொண்டுவந்து வைத்து, எனக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் புத்தகத்தோடு வந்து, கேட்காமலே பாயை விரித்து உட்கார்ந்தார்கள். அந்த மலையில் எனக்குத் தெரிந்தவர் டீக்கடைக்காரர் ஒருத்தர்தான், அவர் பேரும் தெரியாது. இடத்தை மனிதர்கள் உருவாக்குகிறார்கள் என்று நான் போர்டில் எழுதிப் போட்டேன். இவர் ஒரு வாடகை ரூமை எடுத்து அதைச் செய்தே காட்டியிருக்கிறார். இந்தச் சோறு, இந்த வெந்நீர், டீச்சர் டீச்சர் என்று இழைகிற இந்தப் பிள்ளைகள் எல்லாவற்றின்மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்போதுதான் தெரிந்தது, அவருடைய அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கிராமத்து வீட்டில் அண்ணன் குடும்பம் இருக்கிறது, அங்கே இவர் விருந்தாளி மாதிரிதான் போய்வருகிறார் என்பது. என் சேலையைக் கொடியில் உலர்த்திக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "தெனம் நாலு மணிக்கு நீங்க ஓடிப்போய் பஸ்ஸு ஏறுவீங்க பாருங்க, அத இந்த ஜன்னல்ல நின்னு பாப்பேன் மேகலா டீச்சர், அப்டி ஓடறதுக்கு எனக்கும் ஒரு வூடு இருந்தா நல்லா இருக்கும்னு தோணும்."

யாருடைய பாறை

அடுத்த வாரம் குடியிருப்புகள் என்ற பாடம். புத்தகத்தில் ஆற்றங்கரை ஊர், சந்தை ஊர், துறைமுக ஊர் எல்லாம் இருக்கிறது. நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, போர்டில் ஒரு பாறையை வரைந்தேன். பக்கத்தில் ஒரு அடுப்பு, நாலு மூங்கில். வகுப்பு சிரித்தது. "இந்த எடத்த யார் உண்டாக்கினது?" என்று கேட்டேன். செல்போன் கம்பெனி என்றான் ஒருத்தன். போண்டா போடுகிற அம்மா என்றான் இன்னொருத்தன். பிறகு நான் சொன்னேன், இங்கே இருப்பவர்கள் மட்டும் ஒரு இடத்தை உருவாக்குவதில்லை, இங்கே இல்லாதவர்களும் உருவாக்குகிறார்கள், இந்தப் பாறையை உண்டாக்கியது மலையை விட்டுப் போனவர்கள்தான் என்று.

அலமேலு மெதுவாக எழுந்து, "எங்க அப்பா கேரளாவுல எஸ்டேட்டுல கீறாரு டீச்சர். எங்க அம்மாவுக்கு அந்தப் பாறையில எடது பக்கம் ஒரு எடம் உண்டு. வேற யாராவது நின்னா சண்டைக்குப் போவாங்க" என்றாள். அதற்கப்புறம் நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. யார் வீட்டுக்கு எந்த ஓரம், யார் எந்தக் கிழமை வருவார், லைன் கிடைக்காதபோது யார் யாருக்காகச் செய்தி சொல்வார் என்று ஒருத்தர் மாற்றி ஒருத்தர் சொன்னார்கள். ஒரு பையன், தன் அண்ணனின் கல்யாணமே அந்தப் பாறையில்தான் நிச்சயமானது என்றான். மணி அடித்தது, ஒருத்தரும் அசையவில்லை.

அடுத்த பீரியட் வரலாறு. வாசலில் பிலோமினா புத்தகங்களை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை. அவர் முகத்தில் இருந்ததை வேறு யார் பார்த்திருந்தாலும் தலைவலி என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது, நான் மாதக்கணக்கில் கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம் அது. சங்கடமாக இருந்தது. ஆனால் பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கு நாலு மணி பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைக்காமல் நின்றுகொண்டே வந்தும் கால் வலிக்கவில்லை. அந்த வகுப்பறையை விட்டு நான் வெளியே வரும்போது அவர் தாழ்ந்த குரலில் சொன்னது இதுதான்: "நான் தெனம் சாயங்காலம் நிக்கற பாறை அது, எனக்குத் தோணல, நீங்க ஒரு நாள் வந்தீங்க, எடுத்துக்கினு போயிட்டீங்க."

உபரி

நம் தொழிலில் உபரி என்ற வார்த்தைக்கு இருக்கிற பயம் பாம்புக்குக்கூடக் கிடையாது. கோடை லீவு ஆரம்பிக்கும்போது ஹெச்.எம். கூப்பிட்டுச் சொன்னார். பதினோராம் வகுப்பில் வரலாறும் புவியியலும் சேர்ந்த எங்கள் குரூப்புக்குப் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள், இந்த வருஷமும் இப்படியே போனால் புவியியலை எடுத்துவிட வேண்டியிருக்கும். நான் உபரி. எந்த மூலைக்கு வேண்டுமானாலும் தூக்கிப் போடுவார்கள், கைக்குழந்தையோடு போகவேண்டும். வரலாறு மட்டும் எப்படி இருந்தாலும் இருக்கும். அதாவது பிலோமினா இருப்பார், நான் இருக்க மாட்டேன். வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். அந்த அழுகையில் ஊரை விட்டுப் போகிற துக்கம் பாதி, அவர் இருக்கப்போகிறாரே என்கிற துக்கம் பாதி.

மறுநாள் போன் வந்தது. டவர் பாறையிலிருந்து பிலோமினா. "லீவுன்னு வூட்ல உக்காந்துகினு இருக்காதீங்க டீச்சர். மேல வாங்க, ஊரு ஊரா போயி புள்ளைங்கள கேப்போம்." போனேன். இரண்டு பேரும் காட்டுப் பாதையில் நடந்து அலமேலுவின் ஊருக்குப் போனோம். அலமேலு பரீட்சை எழுதிவிட்டு, கள்ளக்குறிச்சியில் காலேஜ் சேர்வதாக இருந்தாள். அவள் தங்கை சின்னப்பொண்ணு பத்தாவது முடித்திருந்தாள். அந்த ஊரில் அவள் சேர்ந்தால் மற்ற பெண்களும் சேர்வார்கள் என்று பிலோமினாவுக்குத் தெரிந்திருந்தது. அவர்களுடைய அப்பா எஸ்டேட்டிலிருந்து வந்திருந்தார். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கும் சுளை எடுத்து வைத்தார். நான் படிப்பைப் பற்றிப் பேசினேன், உதவித்தொகையைப் பற்றிப் பேசினேன். பிலோமினா, "நான்லாம் கூலிக்காரர் பொண்ணுதாங்க" என்று தன் கதையைச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அப்பா, "டீச்சருங்க சொல்றது நாயந்தாங்க" என்றார். "பெரியவ எறங்கறா. சின்னவளும் படிச்சா அவளும் எறங்கிடுவா. நான் அங்கேர்ந்து போன் பண்ணா அந்தப் பாறையில எடுக்கறதுக்கு எனக்கு யாருங்க இருப்பா?"

பிலோமினா என்னைப் பார்த்தார். நான் பிலோமினாவைப் பார்த்தேன். உள்ளேயிருந்து அவர் மனைவி மட்டும், "ஏன், நான் செத்தா பூட்டேன்?" என்று கேட்டார். அலமேலுவின் அப்பா அடுத்த சுளையை எடுத்தார். நாங்கள் பிசின் ஒட்டிய கையோடு திரும்பி நடந்தோம்.

பள்ளி திறந்த அன்றைக்கு, சின்னப்பொண்ணு அந்த ஊர்ப் பெண்கள் சில பேரைச் சேர்த்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றாள். எங்கள் குரூப்பில் சேர்ந்தாள், அவளோடு வந்தவர்களும் சேர்ந்தார்கள். நான் பிழைத்தேன். அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். பிலோமினா பக்கத்தில் நிற்கும்போதே அவளிடம், "யார் பேசினதால அப்பா அனுப்பிச்சாரு?" என்று கேட்டேன். பிலோமினாவும் பதிலுக்காகக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். அவள் இரண்டு பேர் மனமும் நோகக்கூடாது என்று யோசித்து, பிறகு உள்ளதையே சொன்னாள்: "ஒங்களுக்காகவும் இல்ல, பிலோமினா டீச்சருக்காகவும் இல்ல டீச்சர், சயின்ஸ் குரூப்புக்கு கீழ போவணும், அங்க ஹாஸ்டல்ல எடம் இல்லியாம்."

வழியனுப்பு

பிலோமினாவுக்கு இடமாறுதல் வந்தது, சமவெளியில் ஒரு நல்ல பள்ளிக்கு. அவரே கேட்டு வாங்கியது. அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு பார்த்திருப்பதாகவும், சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் போய்த் திறக்கிறதுக்கு ஒரு கதவு இருக்கப்போவதாகவும் என்னிடம் சொன்னார். நான் சந்தோஷப்பட்டேன். கூடவே, எனக்குக் கிடைக்காத சமவெளிப் பள்ளி இவருக்குக் கிடைத்துவிட்டதே என்று பழக்க தோஷத்தில் ஒரு சின்ன எரிச்சலும் வந்தது. அதையும் மறைக்காமல் சொன்னேன். "தெரியும்" என்று சிரித்தார்.

வழியனுப்புக்கு வீட்டுக்காரம்மா வந்தார், போண்டா போடுகிற அம்மா வந்தார், சின்னப்பொண்ணின் அம்மா ஒரு பை நிறையக் கடுக்காயும் ஒரு பாட்டில் தேனும் கொண்டுவந்தார். ஸ்டாஃப் ரூம் கொள்ளவில்லை, எல்லாரும் வராண்டாவில் நின்றார்கள். நான் வந்து இத்தனை வருஷத்தில் அந்த வராண்டாவில் ஊர்க்காரர்கள் இப்படி நின்று பார்த்ததில்லை. ஹெச்.எம். பேசினார், தமிழ் ஐயா பேசினார். என்னையும் பேசச் சொன்னார்கள். வகுப்புக்குத் தயார் செய்கிற மாதிரி பஸ்ஸிலேயே தயார் செய்துகொண்டு போயிருந்தேன். இடத்தை மனிதர்கள் உருவாக்குகிறார்கள் என்று ஆரம்பிக்க நினைத்தேன். "எடத்த" என்று சொன்னதுமே அழ ஆரம்பித்துவிட்டேன். பிலோமினா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் கண்ணில் தண்ணீர். ஹெச்.எம். நிஜமாகவே குழம்பிப்போய், மைக் இருப்பதை மறந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஏம்மா மேகலா டீச்சர், நீங்க ஏன் அழறீங்க, ஒங்களுக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும்னுதான நாங்க எல்லாரும் நெனச்சிகினு இருந்தோம்."

இப்போது பக்கத்து நாற்காலிக்கு வந்திருக்கும் புது வரலாற்று டீச்சர் மிகவும் நல்லவர், என் பாடத்தின் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, அதனால் நானும் இந்த வருஷம் பழைய உதாரணங்களையே வைத்து நடத்திக்கொண்டிருக்கிறேன்.